பின்வாசலைத் திறந்தது யார்

கண்ணு,

நீ அனுப்பிய பத்திரிகை வந்து சேர்ந்தது. உன் அப்பா பனியன் கம்பெனியிலிருந்து வரும் வரைக்கும் பொறுக்கமாட்டாமல் நானே உறையைப் பிரித்தேன். அடுப்பில் பால் இருந்ததை மறந்து நின்றபடியே படித்தேன். பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாசம் மூக்கில் ஏறிய பிறகுதான் நான் எங்கே நிற்கிறேன் என்பதே தெரிந்தது. "ஆபீசில் எல்லோரும் கீழே வைக்கவே முடியவில்லை என்கிறார்கள் அம்மா, நீ என்ன சொல்கிறாய்?" என்று கேட்டிருந்தாய். என்னாலும் கீழே வைக்க முடியவில்லை. அதுதான் இந்த நாலு நாளாக எனக்குத் தொந்தரவாக இருக்கிறது. அதனால்தான் ஒரு கார்டில் நாலு வரி எழுதிப் போடாமல் இப்படி உட்கார்ந்து எழுதுகிறேன். உனக்கு வேலை கிடக்கும். இருந்தாலும் முழுக்கப் படித்துவிடு சாமி.

சோமனூர்ப் பக்கம் கிணறு வெட்டும்போது மண் சரிந்து செத்துப்போன அந்த ஆளைப் பற்றி நீ எழுதியது நன்றாகவே இருக்கிறது. அவர் காலையில் பழைய சோறு குடித்துவிட்டுப் போனது, கயிற்றை இழுத்தவர்களின் கை தோலுரிந்தது, எல்லாவற்றையும் நேரில் பார்த்த மாதிரி எழுதியிருக்கிறாய். ஆனால் நடுவில் இரண்டு வரி வருகிறது. கிணற்று மேட்டில் நின்ற அவருடைய மனைவி கடைசி வரைக்கும் அழவில்லை என்றும், அந்த அம்மாவைப் பற்றி ஊரில் வேறு விதமான பேச்சும் இருக்கிறது என்றும் எழுதிவிட்டு, மறுபடி மண் அள்ளிய கதைக்குப் போய்விட்டாய். என்ன பேச்சு, யார் பேசினார்கள், அதில் நிஜம் உண்டா, ஒன்றும் இல்லை. அந்த இரண்டு வரிக்குப் பிறகு நான் மண் அள்ளியதையா படித்தேன் என்று நினைக்கிறாய்? அந்தப் பொம்பளை மறுபடி எங்கே வருவாள் என்று ஒவ்வொரு வரியாகத் தேடிக்கொண்டு போனேன். பால் பொங்கியது அந்த நேரத்தில்தான்.

அடுத்த வாரம் வடக்கே வெள்ளம் வந்த ஊர்களுக்கு உன்னை அனுப்புகிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். உன் அப்பா அதைத் தன் கம்பெனியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீ போவதற்கு முன்னால் உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். நீ மூன்றாவது படித்த வருசம், நான் வேலை பார்த்த ஜின்னிங் பேக்டரியில் தீப்பிடித்தது உனக்கு லேசாக ஞாபகம் இருக்கலாம். நான் அதற்கப்புறம் கொஞ்ச நாள் வீட்டில் இருந்தேன்; நீ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என்னைப் பார்த்துச் சந்தோசமாகக் குதித்தாய். அன்றைக்கு உன்னிடம் என்ன சொல்ல முடியும். இன்றைக்குச் சொல்கிறேன்.

அந்த பேக்டரியில் பொம்பளைகளுக்குப் பருத்தி பொறுக்குகிற வேலை. பருத்திக் காட்டிலிருந்து வண்டி வண்டியாக வந்து அம்பாரமாகக் குவிந்திருக்கும். அதிலிருந்து இலைத்தூசு, கல், கறைபட்டது எல்லாவற்றையும் கையால் பொறுக்கிப் பிரித்துக் கொடுத்தால்தான் கொட்டை நீக்குகிற மிஷினுக்குப் போகும். கைக்குத்தான் வேலை. காது சும்மா இருக்கும். எட்டாவது வரைக்கும் படித்தவள் நான் ஒருத்திதான் என்பதால், ஆபீஸ் ரூமில் முதலாளி படித்துப் போட்ட பேப்பரை மேஸ்திரி கொண்டுவந்து என் மடியில் போடுவார். நான் சத்தமாகப் படிப்பேன். என் பங்குப் பருத்தியை மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கை பொறுக்கி என் கூடையில் போட்டுவிடுவார்கள். நான் படிக்கிற நாளில் வேலை கூட நடக்கிறது என்று மேஸ்திரியும் கண்டுகொள்ளமாட்டார்.

முதலில் எனக்குப் படிக்கத் தெரியவில்லை, கண்ணு. எழுத்துக் கூட்டத் தெரியும், அவ்வளவுதான். மந்திரி பேசினார், மாநாடு நடந்தது, இன்ன தேசத்துக்கும் இன்ன தேசத்துக்கும் ஒப்பந்தம் என்று வரிசையாக ஒப்பித்துக்கொண்டே போவேன். பாதிப்பேர் தூங்கி விழுவார்கள். அதை மாற்றியது மாராத்தக்காதான். மாராத்தாள் என்று பேர், என்னைவிடப் பத்து வயசாவது மூத்தவள், எழுதப் படிக்கத் தெரியாது, கைநாட்டுத்தான். ஆனால் அவளுக்குள் ஒரு அரிப்பு உண்டு. எதைச் சொன்னாலும் அவளுக்கு அதற்குப் பின்னால் ஒன்று தெரிய வேண்டும். ருசியாவில் ஒருத்தர் ஆகாயத்துக்குப் போய் பூமியையே சுற்றி வந்துவிட்டார் என்று படித்த அன்றைக்கு, யாரும் நம்பவில்லை. "கதை உடறாங்கடி" என்று சிரித்தார்கள். மாராத்தக்கா மட்டும் பருத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "ஏனம்மிணி, அந்த ஆளுக்குப் பொண்டாட்டி இருக்கறாளா?"

"இருக்கறாங்களாட்டத்தான் இருக்குது அக்கா."

"அவளுக்குச் சொல்லிப்போட்டுப் போனானா, சொல்லாமப் போனானா? அவன் மேல சுத்தறப்ப அவ ஊட்டுல என்ன பண்ணீட்டு இருந்தா? அடுப்புப் பத்த வெச்சாளா, வெக்கலையா?"

அந்தக் கேள்விக்குப் பேப்பரில் பதில் இல்லை. ஆனால் கேட்டவுடனே தூங்கியவர்கள் எல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். சொல்லியிருக்கமாட்டான் என்று ஒருத்தி, அவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று இன்னொருத்தி. நம்பாதவர்கள்கூட அந்தப் பொம்பளைக்காகக் கவலைப்பட ஆரம்பித்தார்கள். எங்கேயோ ஆகாயத்தில் நடந்தது அன்றைக்குச் சாயந்திரம் வரைக்கும் எங்கள் பருத்தி அம்பாரத்துக்கு நடுவில் நடந்தது. அதற்குப் பிறகு நான் பேப்பரை அப்படித்தான் படித்தேன். எங்கள் வீட்டில் இருக்கிற அடுப்பு ஒன்று அந்தச் செய்திக்குள்ளேயும் எரிகிறதா என்று பார்ப்பேன். எங்கே நிறுத்தினால் "அப்பறம்?" என்பார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நிறுத்துவேன். தண்ணீர் குடிப்பேன். அவர்கள் என் வாயையே பார்ப்பார்கள். அதில் ஒரு ருசி இருக்கிறது. உனக்கும் அந்த ருசி இப்போது தெரிந்திருக்கும்.

எங்களோடு சரசாள் என்று ஒரு பெண் இருந்தாள். அனுப்பர்பாளையத்திலிருந்து வருவாள். அவள் வீட்டுக்காரர் அங்கே பாத்திரப் பட்டறையில் அடிக்கிற வேலை. நாலு வயசில் ஒரு பெண் குழந்தை, பேர் செல்வி. சரசாள் கேள்வியெல்லாம் கேட்கமாட்டாள். கதவோரம் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் சிரிப்பாள். மாராத்தக்கா கேட்கிற கேள்விகளை வீட்டுக்குப் போய் வீட்டுக்காரரிடம் சொல்லுவேன் என்பாள், அவ்வளவுதான் அவளைப் பற்றி எனக்கு அன்றைக்குத் தெரிந்தது.

தீப்பிடித்தது பட்டப்பகலில், சோற்று நேரம் முடிந்து எல்லோரும் உள்ளே வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில். பருத்தியோடு ஒரு கல் மிஷினுக்குள் போய்ப் பொறி கிளம்பியது என்றார்கள். பஞ்சுத் தீ எப்படி என்றால், புகை வருகிறதே என்று நிமிர்வதற்குள் மச்சு வரைக்கும் ஏறிவிடும். எல்லோரும் முன்வாசல் வழியாக ஓடி வந்துவிட்டோம். சரசாளும் வந்துவிட்டாள். என் பக்கத்தில்தான் நின்றாள், அவள் மூச்சு இரைத்தது எனக்குக் கேட்டது. அப்புறம் ஒரு வார்த்தை சொல்லாமல் திரும்பி உள்ளே ஓடினாள். நாங்கள் கத்தினோம். நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன், கிடைக்கவில்லை. அவள் வெளியே வரவேயில்லை. தீயணைக்கிற வண்டி வந்து எல்லாம் அடங்கின பிறகு, பின்வாசல் பக்கத்தில் விழுந்து கிடந்த சட்டங்களுக்கு அடியிலிருந்து எடுத்தார்கள்.

மறுநாள் பேப்பரில் வந்தது. நாலைந்து வரிதான். பஞ்சு எவ்வளவு போயிற்று என்பதற்கு மூன்று வரி. பெண் தொழிலாளி ஒருவர் பயத்தில் வழி தெரியாமல் உள்ளேயே சிக்கி இறந்தார் என்று கடைசி வரி. வேப்பமரத்தடியில் நாங்கள் எல்லோரும் கூடியிருந்தபோது நான்தான் அதையும் படித்தேன். படித்து முடித்ததும் மாராத்தக்கா, "இன்னொருக்காப் படி" என்றாள். படித்தேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "வழி தெரியாமயா? வெளிய வந்து நின்னவளுக்கா? அப்ப நீ இத்தன நாளும் படிச்சியே அம்மிணி, அந்த ஊரு இந்த ஊருன்னு, அதெல்லாமும் இந்த லட்சணந்தானா?" என்றாள். ஆகாயத்துக்குப் போனவர், பூகம்பத்தில் புதைந்தவர்கள், கப்பலோடு முழுகினவர்கள் எல்லோரும் அந்த ஒரு நிமிசத்தில் எனக்குச் சந்தேகமாகப் போனார்கள்.

ஆனால் பேப்பர் தப்பாக எழுதியது பெரிசில்லை. ஊர் எழுதியதுதான் பெரிசு. வெளியே வந்தவள் ஏன் உள்ளே போனாள்? இந்த ஒரு கேள்வி திருப்பூர் முழுக்க நடந்தது. தண்ணிக் குழாயடி, டீக்கடை, சந்தை எங்கேயும் இதுதான். முதலில் தோடு கழற்றி வைத்திருந்தாள், அதை எடுக்கப் போனாள் என்றார்கள். அதில் யாருக்கும் ருசி இல்லை, ஒரு நாளில் செத்துப்போனது. பிறகு மிஷின் ரிப்பேர் பார்க்கிற பிட்டர் உள்ளே இருந்தான், அவனுக்காகத்தான் போனாள் என்று ஒரு கதை கிளம்பியது. அந்தப் பிட்டர் அன்றைக்குச் சோற்றுக்குப் போனவன் தீப்பிடிக்கும் வரைக்கும் திரும்பி வரவேயில்லை, அது எங்களுக்கெல்லாம் தெரியும். ஆனால் சொன்னால் யார் கேட்கிறார்கள். அந்தக் கதைக்குக் கை கால் முளைத்தது. பிட்டர் அவளைச் சைக்கிளில் கொண்டுவந்து விடுவான் என்று ஒருத்தர் பார்த்ததாகச் சொன்னார். பூண்டிக் கோயிலில் இருவரையும் பார்த்ததாக இன்னொருத்தர். எங்கள் தெருவிலேயே ஒரு அம்மா என்னைப் பிடித்து நிறுத்தி, "நீங்க கூட இருந்தவங்க, உங்களுக்குத் தெரியாமயா இருக்குமுங்க, சும்மா சொல்லுங்க" என்று கண்ணைச் சிமிட்டினார்.

பட்டறையில் சரசாளின் வீட்டுக்காரர் காதில் விழாமலா இருக்கும்? அவர் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். அவளுடைய சேலைகளை எல்லாம் தூக்கி யாருக்கோ கொடுத்துவிட்டார். கல்யாணத்தில் எடுத்த போட்டோவைச் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டியிருந்தார். நானும் மாராத்தக்காவும் துக்கம் கேட்கப் போயிருந்தபோது அந்தக் குழந்தை, போட்டோவின் பின்பக்கத்து அட்டையைக் காட்டி, "எங்கம்மா" என்றது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "வந்தீங்களா, பாத்தீங்களா, போங்க" என்றார், எங்களையும் கதை தேடி வந்தவர்கள் என்று நினைத்து.

திரும்பி வருகிற வழியில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் மாராத்தக்கா நின்றாள். "அம்மிணி, எல்லாரும் அவ ஏன் உள்ள போனான்னே கேக்கறாங்க. அது அவளுக்குத்தான் தெரியும், அவளும் போயிட்டா. வேற ஒண்ணு கேக்கறேன். அந்தப் பின்வாசல் எப்பவும் உள்ளுக்குள்ள இரும்புப் பட்டை போட்டுத்தான கெடக்கும்?"

"ஆமா அக்கா. பஞ்சு களவு போயிருமுன்னு."

"அன்னிக்கு அவளை எடுக்கறப்ப அது தெறந்து கெடந்துது. பட்டை தனியாக் கெடந்துது, நான் பாத்தேன். தெறந்தவ சரசான்னா, தெறந்ததும் வெளிய வந்திருக்கோணுமல்ல? யாருக்காகத் தெறந்தா?"

ஊரே கேட்ட கேள்விக்கும் இவள் கேட்ட கேள்விக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார், கண்ணு. அவர்கள் கேட்டது அவர்களுக்கு ருசியான பதில் வேண்டும் என்பதற்காக. இவள் கேட்டது கீழே கிடந்த இரும்புப் பட்டையிலிருந்து. அங்கேயே நின்று அன்றைக்கு வேலைக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லிப் பார்த்தோம். தீக்கப்புறம் யாரை யார் பார்த்தோம் என்று விசாரித்தோம். பழனாள் என்று தாராபுரம் ரோட்டுப் பக்கத்து ஊரிலிருந்து பருத்திக் காலத்துக்கு மட்டும் வந்து வேலை செய்கிற பெண், அவளை மட்டும் யாரும் பார்க்கவில்லை. அவளுக்கு முந்தின நாளே காய்ச்சல், அதனால் சோற்று நேரத்தோடு ஊருக்குப் போய்விட்டாள் என்று எல்லோரும் நினைத்திருந்தோம்.

உன் அப்பாவிடம் சொல்லிவிட்டு, மாராத்தக்காவோடு பஸ் ஏறிப் போனேன். பழனாள் வீட்டுக்குள் ஒரு மூலையில் சுருண்டு கிடந்தாள். வலது கை முழுக்க வெந்து, வாழை இலை வைத்துக் கட்டியிருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்து பின்பக்கமாக ஓடப் பார்த்தாள். மாராத்தக்கா அவளைத் திட்டவில்லை, எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "கை நெம்ப வலிக்குதா சாமி?" என்றாள். அவ்வளவுதான், பழனாள் உடைந்துபோனாள்.

அன்றைக்குக் காய்ச்சலோடுதான் வேலைக்கு வந்திருக்கிறாள். வரவில்லை என்றால் வேறு ஆள் வைத்துவிடுவார்கள் என்று பயம். உட்கார முடியவில்லை. சோற்று நேரத்தில் சரசாள்தான் அவளைக் கூட்டிப்போய், பின்பக்கம் மூட்டைகளுக்கு நடுவில் படுக்க வைத்து, "சித்த நேரம் தூங்கு, மேஸ்திரி கேட்டா நான் பாத்துக்கறேன்" என்று சொல்லியிருக்கிறாள். வேறு யாருக்கும் தெரியாது. வெளியே வந்து நின்ற பிறகு சரசாளுக்கு அது ஞாபகம் வந்திருக்கிறது. "கண்ணு முழிச்சப்ப பொகையாத்தான் இருந்துதுங்க. சரசக்கா மூஞ்சி மட்டுந்தான் தெரிஞ்சுது. 'எந்திரி, போலாம்'னாங்க. வேற ஒண்ணுமே சொல்லலீங்க. பட்டையை இழுத்துப் போட்டு என்னைய வெளிய தள்ளினாங்க. பின்னாலயே வர்றாங்கன்னுதான் ஓடினேனுங்க. மேல இருந்து விளுந்த சத்தந்தான் கேட்டுதுங்க." அவள் ஏன் வாய் திறக்கவில்லை என்று நான் கேட்டேன். "என்னாலதான் செத்தாங்கன்னு சொல்லுவாங்கள்ல" என்றாள்.

அவளைத் திருப்பூருக்கு வா என்று மாராத்தக்கா இழுக்கவில்லை. ஊரில் சரசாளைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்பதை மட்டும் சொன்னாள். பழனாள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நாங்கள் வெறுங்கையோடு வந்தோம். ஆனால் சில நாள் கழித்து, கட்டுப் போட்ட கையோடு தன்னந்தனியாக பஸ் ஏறி, விசாரித்து விசாரித்து அனுப்பர்பாளையத்துக்கு வந்து சரசாள் வீட்டு வாசலில் நின்றிருக்கிறாள். அடுத்த வீட்டுப் பெண் ஓடி வந்து மாராத்தக்காவுக்குச் சொல்ல, நாங்களும் போனோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவள் சொல்லி முடித்துவிட்டாள். சரசாளின் வீட்டுக்காரர் அவளுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். சோறு எடுத்துவர உள்ளே போனவர் போனவர்தான். உள்ளேயிருந்து அவர் அழுகிற சத்தம் கேட்டது. போட்டோவைத் திருப்பி மாட்டுகிற சத்தமும் கேட்டது.

இதோடு முடிந்தது என்றால் நான் உனக்கு இதை எழுதியிருக்கமாட்டேன். நாங்கள் போகிற இடமெல்லாம் நிஜத்தைச் சொன்னோம். பேப்பருக்கு ஒரு கார்டும் எழுதிப் போட்டேன், வரவில்லை. நாளாக நாளாக ஊர் மறந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ரெண்டு மூணு வருசம் கழித்து அவினாசியில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, யாரென்று தெரியாது, பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பஞ்சு பேக்டரி, ஒரு பெண், ஒரு பிட்டர். எவ்வளவு நன்றாகச் சொன்னார் தெரியுமா! அவள் வெளியே வந்து நிற்கிறாள், உள்ளேயிருந்து அவன் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம் கேட்கிறது, இந்தப் பக்கம் குழந்தை முகம் கண்ணுக்குள் வருகிறது, எந்தப் பக்கம் போவாள்? அங்கே நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தார். கண்ணு, சரசாளின் பக்கத்தில் நின்றவள் நான். பழனாளின் வெந்த கையைப் பார்த்தவள் நான். எனக்கே சாம்பார் சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. "அப்பறம்?" என்று என் வாய் கேட்கப் பார்த்தது. அன்றைக்கு எனக்கு வந்த பயம் வேறு எதற்கும் வந்ததில்லை. பொய் என்று எலும்பு வரைக்கும் தெரிந்த ஒன்றுகூட, சொல்கிற விதத்தில் சொன்னால் என்னையே பிடித்துக்கொள்கிறது என்றால், தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்?

"அது பொய்ங்க. அவங்க இன்னொரு பொண்ணைக் காப்பாத்தப் போனாங்க" என்றேன். "அப்படீங்களா" என்றார் அந்த அம்மா, மரியாதையாக. உடனே ரசத்துக்குக் கையைக் காட்டினார். மற்றவர்களும் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். நிஜம் அங்கே அப்பளம் மாதிரிக் கூட நொறுங்கவில்லை, சும்மா கிடந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. அப்போதுதான் மாராத்தக்கா ரயில்வே கேட்டுப் பக்கத்தில் நின்ற மாதிரி எனக்குத் தோன்றி, குரலை உயர்த்தாமல் கேட்டேன்: "அந்த பேக்டரியில பின்வாசல் எப்பவுமே உள்ளுக்குள்ள பட்டை போட்டிருக்குமுங்க. தீ அணைஞ்சப்பறம் பாத்தா அது தெறந்து கெடந்துது. யாரு தெறந்தாங்கன்னு தெரியுங்களா?" ரசம் ஊற்ற வந்தவர் உட்பட அந்த வரிசையே நின்றது. பிறகு நான் சொன்னேன். அவர்கள் சாப்பிடவில்லை. கதை சொன்ன அந்த அம்மா கை கழுவுகிற இடத்தில் என் பக்கத்தில் வந்து, "இது தெரியாமப் போச்சுங்களே" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அவர் கெட்டவர் இல்லை, கண்ணு. நம்மை மாதிரித்தான். அவருக்குக் கிடைத்த கதையைச் சொன்னார்.

அதனால் கேட்கிறவர்களைக் கட்டிப்போடுவது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற அரிப்பு மனுசருக்கு இருக்கிறது, அது இருப்பதால்தான் பருத்தி பொறுக்குகிறவளுக்கு ருசியாக்காரன் பொண்டாட்டி மேல் கவலை வருகிறது. அதே அரிப்புதான் சரசாளின் போட்டோவையும் சுவரைப் பார்க்கத் திருப்பியது. இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு கலங்குகிறது. இதற்கு மருந்து எதுவும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், நீ எழுதியிருக்கிற அந்த அம்மா கிணற்று மேட்டில் அழாமல் நின்றதற்கு ஒரு காரணம் இருக்கும். நீ அவளைக் கேட்டாயா? கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். கேட்டிருந்தால் எழுதியிருப்பாய். வடக்கே போவதற்கு முன்னால் ஒரு நாள் லீவு கேட்டு வந்து அவளைப் போய்ப் பார். பேப்பருக்காக வேண்டாம். உன் அப்பாவையோ என்னையோ கூட்டிக்கொண்டு போனாலும் சரி, தனியாகப் போனாலும் சரி. அவள் உன்னைத் திட்டினால் நின்று வாங்கிக்கொள். அங்கே வெள்ளத்தில் வீடு போனவர்களிடம் நீ நிற்கப் போகிறாயே, அதற்கு முன்னால் இது ஆக வேண்டும்.

இன்னும் ஒன்று சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறேன். போன வாரம் செல்வி நம் வீட்டுக்கு வந்திருந்தாள். சரசாளின் மகள்தான். வளர்ந்து பெரிய பெண்ணாகிவிட்டாள். தை மாசம் அவளுக்குக் கல்யாணம். பத்திரிகை வைக்க அப்பாவோடு வந்தவள், அவர் உன் அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தபோது என் பின்னாலேயே சமையல்கட்டுக்கு வந்தாள். "எங்கம்மாவப் பத்திச் சொல்லுங்க" என்றாள். எல்லாம் சொன்னேன். அவளுக்குத் தெரிந்த கதைதான், அவள் அப்பா சொல்லியிருக்கிறார். கேட்டுவிட்டு, "அன்னிக்கு எங்கம்மா என்ன கலர் சீலை கட்டியிருந்தாங்க?" என்றாள். அவள் அம்மா சேலை ஒன்றுகூட வீட்டில் இல்லை. கல்யாணத்துக்கு அந்தக் கலரில் ஒன்று எடுக்கலாம் என்று நினைத்திருக்கிறாள் போலிருக்கிறது. எனக்கு ஞாபகம் வரவில்லை. பச்சை என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் நட்டமில்லை, அந்தப் பெண் முகம் மலர்ந்திருக்கும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. "தெரியல சாமி" என்றேன். அவள் "பரவால்லீங்க" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை.

நேற்று பஸ் ஏறிப் பழனாளைப் பார்க்கப் போனேன். அவளுக்கும் இப்போது மூன்று குழந்தைகள். கேள்வியைக் கேட்டதும் அவள் யோசிக்கக்கூட இல்லை. "நீலமுங்க" என்றாள். "ஆகாச நீலம். பொகையில எனக்கு மூச்சு முட்டிப்போச்சுங்க. பக்கத்துல இருந்த தண்ணிக்கொடத்துல முந்தானைய முக்கி எம் மூஞ்சியில போத்திட்டுத்தான் என்னைய இழுத்துட்டுப் போனாங்க. அந்தச் சீலைக்குள்ளதானுங்க நான் மூச்சு விட்டேன்." இத்தனை வருசமாக இதை யாரும் அவளிடம் கேட்கவில்லையாம்.

நாளைக் காலையில் அனுப்பர்பாளையம் போய்ச் செல்வியிடம் சொல்லப் போகிறேன்.

உன் அம்மா